டெவினின் அரை டன்

மகன் செத்த பிறகு அவனுடைய பிக்கப் வண்டியை ஆர்லன் ஹவ்லிக் யாரையும் தொடவிடவில்லை. ஜனவரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுச் சிநேகிதனின் காரில் திரும்பும்போது, பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்த நெடுஞ்சாலையில் கார் புரண்டு டெவின் போய்விட்டான். இருபத்தேழு வயது. சொந்த வண்டியை அன்று வைக்கோல் கொட்டகையில் விட்டுவிட்டுப் போயிருந்தான். அதன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. அதைத்தான் ஆர்லனால் தாங்க முடியவில்லை.

மாடுகள் கன்று ஈனும் பருவம் முழுக்க, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே கொட்டகைக்குள் போய் வந்துகொண்டிருந்தார். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்ன தோன்றியதோ, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றினார், கண்ணாடியைத் துடைத்தார், வண்டியை எடுத்துக்கொண்டு பெல்டனுக்குக் கிளம்பிவிட்டார். மனைவி ஜோலீனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெல்டன் தீயணைப்பு நிலையத்தில் அன்று பான்கேக் விருந்து. அங்கே சம்பளத்துக்கு ஆள் கிடையாது. எல்லாரும் ஊர்க்காரர்கள், அபாயச் சங்கு ஊதினால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள். டெவினும் பதினெட்டு வயதிலிருந்து அப்படி ஓடியவன்தான். புல்தீக்குப் போகிற அவர்களுடைய பழைய ராணுவ லாரி போன கோடையில் மேய்ச்சல் நிலத்தின் நடுவே உயிரை விட்டது. ஊரைச் சுற்றியுள்ள மணற்குன்றுகளில் புல் காய்ந்தபின் இடி விழுந்தால் போதும், காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வேறு வண்டி இல்லாமல் அடுத்த கோடையை எப்படித் தள்ளுவது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

ஆர்லன் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார். பேச்சு அடங்கியது.

"டெவின் வண்டியக் கொண்டாந்திருக்கேன். உங்களுக்குத்தான். பின்னால ஒரு தொட்டிய வச்சு பம்ப்ப மாட்டிக்குங்க. கதவுல அவன் பேரு இருந்தாப் போதும்."

பள்ளிக்கூட நாளிலிருந்து ஆர்லனோடு சண்டை போட்டுக்கொண்டே சிநேகிதமாக இருக்கிற டூயேன் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டான். "ஏன்டா, இத முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? நான் பான்கேக் கையோட அழ வேண்டியிருக்கு" என்றான். எல்லாரும் வெளியே வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள். டயரைத் தட்டிப் பார்த்தார்கள். யாரோ பின்கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

நோரீன் மட்டும் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து குனிந்தாள். அவள்தான் அந்த நிலையத்துக்குத் தலைவி. காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். டெவினை முதல் வகுப்பிலிருந்து ஏற்றி இறக்கியவளும் அவளே. கதவு மூடும் இடத்தில் ஒட்டியிருக்கும், வண்டி தாங்கும் பாரத்தைச் சொல்லும் மஞ்சள் வெள்ளைச் சீட்டை அவள் படிப்பதை ஆர்லன் பார்த்தார். அதில் என்ன எழுதியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். நாற்பது வருஷமாக பிக்கப் ஓட்டுகிறவருக்கு அது தெரியாமல் இருக்குமா?

"ஆர்லன், கொஞ்சம் இப்படி வர்றீங்களா?"

கட்டடத்தின் பின்பக்கம் காற்று அடிக்காத இடத்தில் நின்றார்கள். நோரீன் கையைச் சட்டைப் பையில் விட்டாள், எடுத்தாள், மறுபடி விட்டாள்.

"இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இது அரை டன் வண்டி."

"அரை டன்னுங்கறது பேருக்குத்தான். எங்கப்பன் காலத்துல அரை டன் ஏத்துனாங்க, அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. இப்ப வர்றதெல்லாம் அதவிட எவ்வளவோ தூக்கும்."

"தூக்கும். இந்த வண்டி ஆயிரத்து ஐநூறு பவுண்டு தூக்கும்னு போட்டிருக்கான். ஆளுங்களையும் சேத்துத்தான் அந்தக் கணக்கு. இருநூறு கேலன் தண்ணி மட்டுமே அதத் தாண்டிடும். அப்புறம் தொட்டி, பம்ப்பு, குழாய், உடுப்பு மாட்டின ரெண்டு பேரு."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

ஆர்லன் தரையைப் பார்த்தார். "இந்த ஊர்ல எவன் எடை போட்டு பாரம் ஏத்துறான், சொல்லு. எங்கப்பன் இப்படி ஒரு வண்டியில ரெண்டு காளைய ஏத்திக்கிட்டு சந்தைக்குப் போனவரு."

"மெதுவாப் போயிருப்பாரு. போய் எறக்கியிருப்பாரு. அத்தோட முடிஞ்சுது. தீயணைக்கற வண்டி அப்படியில்ல. வருஷம் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் தொட்டி ரொம்பி நிக்கும். ஸ்பிரிங் ஒரு நாள்கூட மூச்சு விடாது. சங்கு ஊதுனா பசங்க மெதுவாவும் போக மாட்டாங்க."

"பாதித் தண்ணி ஏத்திக்க."

"அடுத்த தண்ணி அரை மணி நேரத்துக்கு அந்தாண்ட இருக்கு, ஆர்லன். பாதித் தண்ணிய வச்சுக்கிட்டு நெருப்பு முன்னாடி என் ஆளுங்கள நிக்கச் சொல்லவா?" அவள் குரல் உடைந்தது. "லைட் டூட்டி, ஹெவி டூட்டின்னு பேரு வச்சது கடைக்காரன் விக்கறதுக்காக இல்ல. வண்டி, பாரம், ஆளு, பெட்ரோல், எல்லாம் சேந்து எவ்வளவு எடையத் தாங்கும், எவ்வளவு எடைய நிறுத்தும்னு கோடு போட்டிருக்கான். இது கோட்டுக்கு இந்தப் பக்கம். நமக்கு வேண்டியது அந்தப் பக்கம். முக்கால் டன் இல்லாட்டி ஒரு டன்."

"நீ வேணாம்னு சொல்றது என் மகனை."

"இல்ல. சத்தியமா இல்ல."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. வண்டியில் ஏறிக் கிளம்பிவிட்டார். கையில் தட்டோடு நின்றிருந்த டூயேன் ஒதுங்கி வழிவிட்டான்.

வீட்டுக்கு வந்தபோது ஜோலீன் முற்றத்தில் நின்றிருந்தாள். கோட்டுகூடப் போடவில்லை.

"எங்க கொண்டுபோன வண்டிய? கொட்டகை வெறிச்சுன்னு கெடக்கு. என் உசிரே போயிடுச்சு."

ஆர்லன் சொன்னார்.

"என்னைக் கேட்டியா?"

"நல்ல காரியம்னு நெனச்சேன்."

"நல்ல காரியம்தான். ஆனா என்னைக் கேட்டியா, ஆர்லன்? நீ மாட்டுக்குத் தண்ணி பாக்கப் போறப்பல்லாம் நான் எங்க இருக்கேன்னு நெனச்ச? அந்த வண்டிக்குள்ளதான் போய் உக்காந்திருக்கேன். அவன் போட்ட கோட்டு இன்னும் பின்சீட்டுல கெடக்கு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நோரீன் வேணாம்னுட்டாளா? அவளுக்குப் புண்ணியம்."

அன்றிலிருந்து இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சிலருக்கு விஷயம் அங்கேயே முடிந்துவிடும்; ஆர்லனுக்கு அங்கேதான் ஆரம்பிக்கும். ஜோலீனை நிமிர்ந்து பார்க்காமலே அவர் காரியத்தைத் தொடங்கினார். பக்கத்து ஊர்ப் பண்ணையில் சும்மா கிடந்த பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து டெவின் வண்டியின் பின்னால் கட்டினார். பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு ஜோடி காற்றுப்பைகளை மாட்டினார். தண்ணீரை ரொப்பியதும் பின்பக்கம் தாழ்ந்துபோன வண்டி, பைகளில் காற்று ஏற ஏற மெல்ல எழுந்து நேராக நின்றது. தள்ளி நின்று பார்த்தார். ஒரு குறையும் தெரியவில்லை. நோரீனுக்குப் போன் போட்டார்.

"வந்து பாரு. பாத்துட்டு அப்புறம் பேசு."

மே மாதம், கன்றுகளுக்கு அடையாளச் சூடு போட்டு முடித்த வாரம் அது. நோரீன் மத்தியானம் வந்தாள். வண்டியைச் சுற்றி நடந்தாள், கீழே குனிந்து பைகளைப் பார்த்தாள்.

"பை வாலைத் தூக்கிக் காட்டும், ஆர்லன். பிரேக்கப் பெருசாக்காது. அச்சையும் தடிமனாக்காது."

"ஓட்டிக் காட்டுறேன். நீ கீழ நின்னு பாரு."

"கீழ எதுக்கு நிக்கணும்? என் ஆளுங்கள உள்ள உக்கார வைக்கத்தானே கேக்கறீங்க? மொதல்ல நான் உக்காரறேன்." சொல்லிக்கொண்டே ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

ஆர்லன் ஏறினார். டெவின் அப்பாவைவிட அரையடி உயரம்; இருக்கை அவன் தள்ளி வைத்த இடத்திலேயே இருந்தது. பெல்டனுக்குப் போனபோதும் ஆர்லன் நுனியில் உட்கார்ந்து காலை நீட்டித்தான் ஓட்டினார். நோரீன் அவர் பூட்ஸைப் பார்த்தாள்.

"சீட்ட முன்னால இழுங்க."

"வேண்டாம். எட்டுது."

"எட்டல. நுனிவெரல்தான் படுது."

"அது அவன் வச்ச எடம், நோரீன்."

அவள் முன்கண்ணாடி வழியாக எங்கேயோ பார்த்தாள். "மழைக்காலத்துல பஸ்ஸுல ஏறுனதும் அவன் மொதல்ல என்ன சொல்லுவான் தெரியுமா? 'உங்க வைப்பர் சரியில்ல நோரீன், மாத்துங்க'ம்பான். ஏழு வயசுப் பய. பிரேக் எட்டாம அவன் அப்பாவ ஓட்ட விட்டேன்னு தெரிஞ்சா என்னைத் திட்டுவான்."

ஆர்லன் இருக்கைக்கு அடியில் கையை விட்டு நெம்புகோலைப் பிடித்து இழுத்தார். இருக்கை முன்னே வந்து ஒரு சத்தத்தோடு பூட்டிக்கொண்டது. அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

மேய்ச்சல் நிலத்தின் வழியாக மேட்டில் ஏறினார்கள். சக்கரத் தடம் மட்டுமே உள்ள மணல் பாதை. ஏறும்போது எஞ்சின் முனகியது, ஆனால் ஏறிவிட்டது. மேட்டின் உச்சியில் ஆர்லன் ஒரு பார்வை பார்த்தார், பாத்தியா என்கிற மாதிரி. அவள் இன்னும் இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"எறங்குங்க. சங்கு ஊதுன மாதிரி எறங்குங்க."

இறக்கத்தில் பாதி தூரம் ஒழுங்காகத்தான் போனது. கீழே, மாடுகளுக்குத் தண்ணீர் இறைக்கும் காற்றாலைக்குப் பக்கத்தில் பாதை வலப்பக்கம் திரும்புகிறது. ஆர்லன் முன்கூட்டியே பிரேக்கை அழுத்தினார். வண்டி அடங்கவில்லை. பின்னால் தொட்டிக்குள்ளிருந்த தண்ணீர் முன்னே புரண்டு வந்து முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் தள்ளியது. இன்னும் அழுத்தினார். ஏதோ கருகுகிற வாடை வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பியபோது கைக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. பாரமெல்லாம் பின்னாலிருந்து தள்ள, முன்சக்கரங்கள் மண்ணை மேலோட்டமாகத் தடவிக்கொண்டு நேராகப் போயின. முள்கம்பி வேலி வந்தது. கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து கூரையின் மேல் சீறின. புல்வெளியின் ஈரமண்ணில் சக்கரங்கள் புதைந்து வண்டி நின்றது.

காற்றாலை கிறீச்சிட்டபடி சுற்றிக்கொண்டிருந்தது. வண்டித் தொட்டியின் தண்ணீர் இன்னும் முன்னும் பின்னும் அலைந்தது.

"அடி பட்டுச்சா?" ஆர்லன் கேட்டார்.

"இல்ல. உங்களுக்கு?"

அவர் கதவைத் திறந்து இறங்கி, சற்றுத் தள்ளிப் போய்ப் புல்லில் உட்கார்ந்தார். நோரீன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார் ஆர்லன். "அன்னைக்கு நீ குனிஞ்சு படிக்கறப்பவே தெரியும். அவன் இத வாங்கறப்ப அவன்கிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா? மாட்டு டிரெய்லர இதுல கட்டாதே, அதுக்கு என் வண்டிய எடுத்துக்கோன்னேன். என் பிள்ளைக்கு அதச் சொன்னேன். அடுத்தவன் பிள்ளைய..." அவரால் முடிக்க முடியவில்லை.

அதுவரை அவர் அழுததை யாரும் பார்த்ததில்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில்கூட வந்தவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டு மரம் மாதிரிதான் நின்றார். இப்போது அழுதார். நோரீன் அவர் முதுகில் கை வைக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாடுகள் மெல்ல வந்து எட்டிப் பார்த்தன.

சத்தம் கேட்டோ என்னவோ, ஜோலீன் ஆர்லனின் வேலைவண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஒரு டன் வண்டி. பின்னால் இரட்டைச் சக்கரம், வைக்கோல் உருளைகளைத் தூக்க இரும்புக் கைகள். அறுந்த வேலியையும் புதைந்த வண்டியையும் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கத்தினாள். அப்புறம் ஓடி வந்து முதலில் நோரீனைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு கணவனை.

தொட்டியின் அடிப்பக்க மூடியைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் முழுக்கப் புல்லில் ஓடி வடிந்தது. பாரம் இறங்கியதும் டெவின் வண்டி பெருமூச்சு விட்டாற்போல் எழும்பியது. ஜோலீன் சங்கிலியைக் கொண்டுவர, ஒரு டன் வண்டி அதைச் சேற்றிலிருந்து சிரமமில்லாமல் இழுத்துப் போட்டது. ஆர்லன் சங்கிலியைக் கழற்றாமல் தன் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நோரீன், இது எவ்வளவு தூக்கும்?"

"உங்களுக்கே தெரியுமே."

"நீ சொல்லு."

"நம்ம தண்ணி, பம்ப்பு, ஆளு எல்லாம் ஏத்தின பின்னாடியும் பாதிக்கு மேல எடம் மிச்சம் இருக்கும்." சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. "ஆர்லன், வேணாம். இது உங்க வேலைக்கு வேணும்."

"எடுத்துக்கோ."

நோரீன் ஜோலீனைப் பார்த்தாள். ஜோலீன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கணவனை முறைத்தாள். "மாட்டுக்குத் தீனி எதுல கொண்டுபோவ? உன் தோள்லயா?"

"உருளைய டிராக்டர்ல தூக்கிக்கலாம். மூட்டைய இதுல போட்டுக்கலாம்." டெவின் வண்டியைக் காட்டினார். "கொஞ்சம் கொஞ்சமா." பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வாட்டி கேக்கறேன், ஜோலீன். குடுக்கலாமா?" என்றார்.

ஜோலீன் மகனுடைய வண்டிக்குப் போய், கூரையில் கம்பி இழுத்த கீறலை விரலால் தடவிப் பார்த்தாள். அவ்வளவு நாள் புதுசாக, யாரும் தொடாததாக இருந்த வண்டி. இப்போது சேறும் கீறலுமாக மற்ற எல்லாருடைய வண்டியையும் போல நின்றது.

"இத ஓட்டுவியா நீ?" என்று கேட்டாள். "மறுபடி கொண்டுபோய்க் கொட்டகையில பூட்ட மாட்டியே?"

"ஓட்டுவேன்."

"அப்பக் குடு."

ஜூன் முழுக்க டூயேனும் மற்றவர்களும் ஒரு டன் வண்டியில் வேலை செய்தார்கள். இரும்புக் கைகளைக் கழற்றி, தண்ணீர் புரளாதபடி உள்ளே தடுப்புகள் வைத்த தொட்டியையும் பம்ப்பையும் பொருத்தி, சிவப்பு அடித்தார்கள். கதவில் டெவின் பேரை எழுதுகிற வேலையை டூயேன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. எழுதியும் முடித்தான். ஹவ்லிக் என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதை மேலே சின்னதாகச் செருகியிருந்தான்.

ஆர்லன் அதைப் பார்த்தார். "அம்பது வருஷமா என்னைத் தெரியும் உனக்கு."

"உன் பேர எப்படா நான் எழுதியிருக்கேன்? திட்டித்தானே பழக்கம்?" என்றான் டூயேன். "அழிச்சுட்டு எழுதறேன், இரு."

"அப்படியே இருக்கட்டும்" என்றாள் ஜோலீன். "பள்ளிக்கூடத்துல அவனும் அப்படித்தான் எழுதிட்டு வருவான்." அவள் சிரித்துவிட்டாள். ஆர்லனும் சிரித்தார், பாதியில் நின்று, மறுபடி சிரித்தார்.

ஜூலைக் கடைசியில் வடக்குக் குன்றுகளில் இடி விழுந்து புல் பற்றியது. சங்கு ஊதிய சற்று நேரத்தில் சிவப்பு வண்டி ஹவ்லிக் வாசலைக் கடந்து போனது. ஆர்லன் வேலியோரம் நின்று பார்த்தார். அதன் எஞ்சின் சத்தம் அவருக்கு மனப்பாடம். தன் வண்டி தான் இல்லாமல் போவதைக் கேட்பது விநோதமாக இருந்தது. பொழுது சாயும்போது கரி அப்பிக்கொண்டு திரும்பி வந்தது. ஓட்டி வந்தவன் கையை வெளியே நீட்டி ஆட்டினான். பெரிய தீ இல்லையாம். ஒரு குடும்பத்தின் குளிர்கால வைக்கோல் பிழைத்தது, இன்னொரு குடும்பத்தின் மேய்ச்சல் போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இலையுதிர்காலம் வந்ததும் தீனி மூட்டை சுமக்கிற வேலை தொடங்கியது. முன்பெல்லாம் ஒரே நடையில் கொண்டுபோவதை இப்போது ஆர்லன் இரண்டு நடையாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பின்னால் மூட்டைகளை அடுக்கிவிட்டு, இதற்குமேல் வேண்டாம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்திக்கொள்வார். அண்டை வீட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள். இன்னும் பத்து மூட்டை ஏறும் என்றார்கள். ஏறும்தான் என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலை முதல் நடை முடிந்து அவர் திரும்பி வந்தபோது, ஜோலீன் டெவினின் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். கை விரல்கள் தெரியாத அளவுக்குப் பெரிய கோட்டு. மூட்டைகளை ஏற்ற அவளும் ஒரு பக்கம் பிடித்தாள்.

"ரெண்டாவது நடைக்கு நானும் வரேன்" என்றாள்.

"குளுரும்."

"குளுரட்டும்."

அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவள் ஏறி உட்கார்ந்து, முழங்காலுக்கு மேல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். வண்டி மெதுவாகப் புல்வெளிப் பக்கம் திரும்பியது.